தோல் மூப்பும் பராமரிப்பும்: மாநிறத் தோல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரை, திரை, மூப்பு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது நம் வழக்கம். அதில் திரை என்பது தோலில் விழும் சுருக்கம். ஆனால் நம் ஊரில் நாற்பதைக் கடந்தவர்கள் கண்ணாடி முன் நின்று முதலில் கவலைப்படுவது பெரும்பாலும் திரையைப் பற்றி அல்ல. கன்னத்தில் படர்ந்த மங்கு, கண்ணோரம் முளைத்த கறுப்புப் புள்ளிகள், நெற்றியில் ஒன்றும் கன்னத்தில் ஒன்றுமாக மாறிப்போன நிறம் ஆகியவற்றைப் பற்றித்தான். வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அறிவுரைகள் சுருக்கத்தில் தொடங்கிச் சுருக்கத்திலேயே முடிவதால், அவற்றில் பாதி நமக்குப் பொருந்துவதில்லை. கீழே உள்ள பதில்கள் மாநிறத்தவரையும் கறுப்பு நிறத்தவரையும் எண்ணி எழுதப்பட்டவை.

தோல் எந்த வயதில் மூப்படையத் தொடங்குகிறது?

பலர் நினைப்பதைவிட முன்பாகவே தொடங்குகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரத நார் இருபதுகளின் நடுவிலிருந்தே ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்ற கணக்கில் குறைந்துவருகிறது. இது மெதுவான இழப்பு என்பதால் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குக் கண்ணில் படுவதில்லை. மாநிறத் தோலில் ஆழமான சுருக்கங்கள் வெள்ளையர்களுக்கு வருவதைவிடப் பல ஆண்டுகள் தாமதமாகவே வருகின்றன; ஆனால் நிற மாற்றம் முப்பதுகளிலேயே எட்டிப் பார்த்துவிடுகிறது.

தோலுக்குள் என்னதான் நடக்கிறது?

தோலை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது. மேலே இருப்பது மேல்தோல். அதன் அடியில் பிறக்கும் செல்கள் மேல்நோக்கி நகர்ந்து, தட்டையாகி, இறந்து, கடைசியில் அழுக்கோடு அழுக்காக உதிர்கின்றன. இளம் வயதில் இந்தப் பயணத்துக்குச் சுமார் 28 நாட்கள் ஆகும். முதுமையில் 40 நாட்களையும் தாண்டலாம். பழைய செல்கள் கூடுதல் நாட்கள் தங்கிவிடுவதால்தான் முகம் பொலிவிழந்து தெரிகிறது. புண் ஆறுவதற்கும் நேரம் பிடிக்கிறது.

அதற்குக் கீழே அடித்தோல். கட்டிலின் கயிற்றுப் பின்னலைப் போலத் தோலை இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜனும், இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பச் செய்யும் எலாஸ்டினும், நீரைப் பிடித்துவைக்கும் ஹயலூரானிக் அமிலமும் இந்த அடுக்கில்தான் உள்ளன. வயது ஏற ஏற மூன்றுமே குறைகின்றன. புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டுப் பாருங்கள்: பேரப்பிள்ளையின் கையில் அது உடனே படிந்துவிடும், தாத்தாவின் கையில் சிறு வரப்பாகச் சில நொடிகள் நின்றுவிட்டே இறங்கும்.

மூன்றாவதாக உள்ளது கொழுப்பு அடுக்கு. கன்னத்துக் கொழுப்பு குறைந்து கீழிறங்குவதோடு, தாடை எலும்பும் கண்குழி எலும்பும்கூட வயதில் தேய்கின்றன. முகம் தொய்வதற்கு இவைதாம் பெரிய காரணம். ஆகவே தோலின் மேல் பூசும் எந்தக் கிரீமும் தொய்வை நிமிர்த்தாது. அப்படிச் சொல்லி விற்பதை நம்ப வேண்டாம்.

இதில் வெயிலின் பங்கு எவ்வளவு?

இதற்கான பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. முழங்கைக்கு மேல், கையின் உட்பக்கத் தோலைப் பாருங்கள். பிறகு அதே கையின் புறங்கையைப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே பரம்பரை, ஒரே சாப்பாடு. ஒன்று வழவழப்பாகவும் ஒரே நிறமாகவும் இருக்க, மற்றொன்று கறுத்து, வரிவிழுந்து, புள்ளி தட்டியிருப்பதற்குப் பெரும்பகுதிக் காரணம் வெயில்தான். ஐம்பது ஆண்டுகள் அரைக்கைச் சட்டையோடு சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தவரின் கையில் அந்தச் சட்டையின் விளிம்பு எங்கே முடிந்தது என்று கோடு போட்டுக் காட்டலாம்.

2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான புகைப்படம் இதற்கு உலகறிந்த சான்று. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் முகத்தில், ஜன்னல் பக்கம் இருந்த இடது பாதி ஆழமான வரிகளோடு தடித்துத் தொங்க, வலது பாதி பல வயது இளமையாகத் தெரிந்தது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். நம் ஊரில் வலப்பக்கம் என்பதால் நம் பேருந்து, லாரி ஓட்டுநர்களுக்கு வலக்கையும் வலக்கன்னமும்தான் அதிகம் கறுக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது கண்ணாடி. வெயிலின் புற ஊதாக் கதிர்களில் தோலை எரித்துச் சிவக்க வைக்கும் பி வகையை ஜன்னல் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். அடித்தோல்வரை இறங்கிக் கொலாஜனைச் சிதைக்கும் ஏ வகையின் கணிசமான பகுதி கண்ணாடியைக் கடந்து வந்துவிடும். சுடவில்லை, எரியவில்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று பொருளல்ல. தொண்ணூறுகளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேரி ஃபிஷர், ஜான் வூர்ஹீஸ் ஆகியோர் நடத்திய ஆய்வுகள், தோல் சிவக்கக்கூட இல்லாத அளவு புற ஊதாக் கதிர் பட்டாலே கொலாஜனை அறுக்கும் நொதிகள் தோலில் சுரக்கத் தொடங்கிவிடுகின்றன என்று காட்டின.

கறுப்புத் தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்கிறார்களே?

பாதி உண்மை. நம் தோலில் மெலனின் என்னும் நிறமி கூடுதலாக இருக்கிறது. அது இயற்கை தந்த குடை. 1979-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் மேல்தோல் தரும் பாதுகாப்பை, சன்ஸ்கிரீன்களில் வெயில் பாதுகாப்பைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். என்ற அளவில், 13-க்குச் சற்று மேல் என்றும், வெள்ளையர்களுடையதை 3-க்குச் சற்று மேல் என்றும் கணக்கிட்டது. நாம் இடையில் எங்கோ இருக்கிறோம். சுருக்கம் தாமதமாவதும், தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவாக இருப்பதும் இதனால்தான்.

ஆனால் அந்தக் குடைக்கு ஒரு விலை உண்டு. நிறமி செல்கள் சுறுசுறுப்பானவை என்பதால் வெயில், உராய்வு, பரு, அரிப்பு, எரிச்சல் எது வந்தாலும் உடனே நிறமியை அள்ளிக் கொட்டிவிடுகின்றன. பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கறுப்புத் தடம் அப்படி வருவதுதான். வெள்ளைத் தோலில் சாதாரண வெளிச்சம் பெரிதாக எதுவும் செய்வதில்லை. நம் நிறத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக அதன் நீலப் பகுதி, கறுமையைத் தூண்டி நெடுநாள் நிலைக்க வைக்கிறது. வெயிலில் உள்ள ஒளியைத்தான் சொல்கிறேன். கைபேசித் திரையின் வெளிச்சம் அதோடு ஒப்பிட மிகவும் அற்பம். அதற்கென்று தனிக் கிரீம் விற்பது வியாபார உத்தி.

மங்கு, கழுத்துக் கருமை, கறுப்பு மரு எல்லாம் வயதின் அடையாளங்களா?

ஒவ்வொன்றும் வேறு. மங்கு என்பது கன்னம், மூக்குத்தண்டு, மேலுதடு, நெற்றியில் பழுப்பாகப் படர்வது. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரையின்போதும் அதிகரிக்கும். வெயில் அதற்கு எண்ணெய் ஊற்றும். பெண்களுக்கு அதிகம் என்றாலும் வெயிலில் வேலை செய்யும் ஆண்களுக்கும் வருகிறது. ஒரேயடியாகப் போகாது, கட்டுப்படுத்தலாம்.

கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் கடுகு அளவில் எழும் கறுப்பு மருக்கள் பெரும்பாலும் பரம்பரையாக வருபவை, தீங்கற்றவை. வேண்டாம் என்றால் தோல் மருத்துவர் சில நிமிடங்களில் சுட்டு எடுத்துவிடுவார். நூல் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது போன்றவை மருவை எடுத்துவிட்டுத் தழும்பை வைத்துவிடும்.

கழுத்துக் கருமையை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கழுத்திலும் அக்குளிலும் தோல் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்தால், அது பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறி. தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். நாரை வைத்துவிட்டுச் சர்க்கரை அளவைப் பரிசோதிப்பதும் எடையைக் குறைப்பதும்தான் வழி.

சன்ஸ்கிரீன் உண்மையில் மூப்பைத் தள்ளிப்போடுமா?

ஆம். தோல் மூப்பு குறித்து விற்கப்படும் பொருட்களில் இந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டவை அரிது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்களை அவரவர் விருப்பம்போல் இருக்க விட்டார்கள். நான்கரை ஆண்டுகளுக்குப் பின் புறங்கைத் தோலின் வார்ப்புகளை ஒப்பிட்டபோது, தினமும் பூசியவர்களின் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. 2013-ல் வெளியான இந்த முடிவு பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பற்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்குச் சுருக்கத்தில் கிடைக்கும் லாபம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். மங்கிலும் கறுப்புத் தடங்களிலும் கிடைக்கும் லாபம் அதிகம்.

எதைப் பார்த்து வாங்குவது?

எஸ்.பி.எஃப். என்பது பி வகைக் கதிருக்கான அளவு. 15 என்றால் சுமார் 93 சதவீதம், 30 என்றால் 97, 50 என்றால் 98 சதவீதம் தடுக்கும். ஆகவே 30 போதும், 50 இருந்தால் நல்லது. எஸ்.பி.எஃப். 100 என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஏ வகைக் கதிருக்குப் பாதுகாப்பு உண்டா என்பதைக் காட்டுவது ஜப்பானிலிருந்து வந்த பி.ஏ. குறியீடு. அதனருகில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகள் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

துத்தநாக ஆக்சைடு அதிகமுள்ள வகைகள் நம் முகத்தில் திருநீறு பூசியதுபோல வெளிறித் தெரியும். அதனால்தான் பலர் ஒரு நாள் பூசிவிட்டுத் தூக்கி எறிகிறார்கள். நிறம் சேர்த்த வகைகளில் இரும்பு ஆக்சைடு இருப்பதால் அந்த வெளுப்பு தெரியாது. அதோடு, மேலே சொன்ன கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதுதான் தடுக்கும். மங்கு உள்ளவர்கள் இந்த வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

எவ்வளவு பூச வேண்டும்? வியர்வையில் நிற்குமா?

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை நீளமாகப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். அது ஏறக்குறைய ஒரு கிராம். தினமும் ஒருமுறை பூசினாலும் 50 கிராம் டியூப் ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிட வேண்டும். ஆறு மாதமாக அதே டியூப் ஓடுகிறது என்றால், அட்டையில் எழுதியிருக்கும் பாதுகாப்பில் சிறு பங்குதான் உங்களுக்குக் கிடைக்கிறது.

வெளியே இருப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும் என்பது விதி. சென்னையிலோ மதுரையிலோ மே மாத வியர்வையில் இதைக் கடைப்பிடிப்பது எத்தனை பேரால் முடியும் என்பது வேறு விஷயம். முடியாதவர்களுக்குக் குடை, அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, இருசக்கர வாகனத்தில் துப்பட்டா ஆகியவை சன்ஸ்கிரீனுக்குச் சற்றும் தாழ்ந்தவை அல்ல. வயலில் நாற்று நடும் பெண்கள் சேலைமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொள்வதை எந்தத் தோல் மருத்துவரும் பாராட்டுவார்.

எந்த வெயில் கடுமையானது என்று அறிய எளிய வழி உண்டு: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள்.

இதையெல்லாம் பூசினால் வைட்டமின் டி குறையாதா?

மக்கள் வழக்கமாகப் பூசும் அளவால் குறைவதாகத் தெரியவில்லை. நம்மிடையே அந்தக் குறைபாடு பரவலாக இருப்பதற்குக் காரணம் நாள் முழுவதும் கூரைக்குள் இருப்பதும், மெலனின் அதிகமுள்ள தோலுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுவதும்தான். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லும் மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம். அதற்காக முகத்தை வெயிலில் காயவைக்க வேண்டியதில்லை.

முகம் கழுவ எது நல்லது: சோப்பா, பயத்தம் மாவா, ஃபேஸ்வாஷா?

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.ஹெச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். வழக்கமான சோப்பு காரத்தன்மை உடையது, 9 முதல் 10 வரை. தினமும் இரண்டு, மூன்று முறை அதால் கழுவும்போது தோலின் எண்ணெய்ப் படலமும் கொழுப்புப் பூச்சும் கரைந்து, முகம் இழுத்துப் பிடித்ததுபோல் ஆகிறது. அந்த உணர்வைச் சுத்தத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். உண்மையில் அது வறட்சி.

சோப்பு அட்டையில் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். அது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தரநிலைப்படி 76-க்கு மேல் இருந்தால் முதல் தரம், 70-க்கு மேல் இரண்டாம் தரம், 60-க்கு மேல் மூன்றாம் தரம். முதல் தரச் சோப்பு தோலை அவ்வளவாக உலர்த்தாது. ஆனாலும் காரம் காரமே. இளமையும் எண்ணெய்ப் பசையும் உள்ள தோல் அதைத் தாங்கும். நாற்பதுக்குப் பின், முகத்துக்கு மட்டுமாவது வாசனையில்லாத, நுரை குறைந்த கிளென்சரை மாலையில் ஒருமுறை பயன்படுத்தி, காலையில் வெறும் தண்ணீரில் கழுவினாலே போதும்.

பயத்தம் மாவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நைசாக அரைத்துச் சலித்த மாவைக் குழைத்து, தேய்க்காமல் தடவிக் கழுவினால் அது நல்ல பொருள். மிக்சியில் அரைத்த நறநறப்பான மாவை வட்டவட்டமாகத் தேய்ப்பதுதான் தவறு. எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் கடும் அமிலம் தோலைப் புண்ணாக்கும்; அதிலுள்ள சில வேதிப்பொருட்கள் வெயில் பட்டதும் வினைபுரிந்து கொப்புளத்தையும் நாள்பட்ட கறுப்பையும் உண்டாக்கும்.

தேங்காய் எண்ணெய் இருக்கும்போது மாய்ஸ்சரைசர் எதற்கு?

உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் நன்றாகவே போதும். வறண்ட தோலில் அது பலன் தருவதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. குளித்து, ஈரத்தைத் துண்டால் ஒற்றி, தோல் முழுக்கக் காய்வதற்குள் தடவ வேண்டும் என்பதே இதிலுள்ள நுட்பம். எண்ணெய்க்கு ஈரம் கிடையாது, இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைப்பதுதான் அதன் வேலை. முகத்தில் பரு வரும் தோல் உடையவர்களுக்கு அது துளைகளை அடைத்துவிடும். அவர்களுக்குக் கிளிசரினும், தோலில் இயல்பாகவே உள்ள கொழுப்பு வகையான செராமைடும் கலந்த இலகுவான மாய்ஸ்சரைசர் பொருந்தும். விலையுயர்ந்த ஆலிவ் எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று வாங்குபவர்கள் உண்டு. அது தோலின் தடுப்புச் சுவரைப் பலவீனப்படுத்துவதாகவே சோதனைகள் காட்டுகின்றன, சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பித்தவெடிப்புக்கு யூரியா 10 சதவீதமோ அதற்குமேலோ கலந்த கிரீமை இரவில் தடவி, மேலே வாசலின் பூசி, பருத்திக் காலுறை அணிந்து படுத்தால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

சுருக்கத்தைக் குறைக்க நிரூபிக்கப்பட்ட மருந்து உண்டா?

உண்டு, வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ட்ரெட்டினாயின். பருவுக்காக அதைப் பூசிய நடுவயதுப் பெண்கள் சிலர் தங்கள் முகம் வழவழப்பாகிவிட்டதாகச் சொன்னதைக் கவனித்த அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், 1986-ல் வெயிலால் மூப்படைந்த தோலில் அதன் பலனை வெளியிட்டார். ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள் மீது சோதனைகள் நடத்தியதற்காகக் கடும் கண்டனத்துக்கு உள்ளானவரும் இவரே. இந்த மருந்து மேல்தோல் செல்களின் சுழற்சியை விரைவுபடுத்துகிறது, அடித்தோலில் புதிய கொலாஜனைத் தூண்டுகிறது, நிறமியையும் சீராக்குகிறது. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ரெட்டினால் இதன் மென்மையான உறவு.

நம் தோலில் இதை அவசரமாகத் தொடங்கினால் எரிச்சல் வரும். எரிச்சல் வந்த இடம் கறுக்கும். 0.025 சதவீத ட்ரெட்டினாயினை மருத்துவர் ஆலோசனைப்படி, பச்சைப் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதற்கும், வாரத்தில் இரண்டு இரவு என்று தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதமாகும். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்களும் இந்தக் குடும்பத்து மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது. பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் இதை யாரும் பயன்படுத்தக் கூடாது.

கார்போகரிசியில் அதே பலன் கிடைக்கும் என்கிறார்களே?

நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுக்குப் போட்டுத் தரும் அதே கார்போகரிசிதான் இப்போது பாகுச்சியோல் என்ற பெயரில் சிறு கண்ணாடிக் குப்பியில் திரும்பி வந்திருக்கிறது. அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்த பாகுச்சியோலை 0.5 சதவீத அளவில் 44 பேரிடம் 12 வாரம் சோதித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், சுருக்கத்தையும் கறுமையையும் குறைப்பதில் ரெட்டினாலுக்கு இணையாகவும், எரிச்சல் குறைவாகவும் இருந்தது தெரிந்தது. சிறிய ஆய்வுதான் என்றாலும் நம்பிக்கை தருகிறது.

ஆனால் விதையை வாங்கி அரைத்து முகத்தில் பூசுவது வேறு கதை. அதில் சோரலென் வகைப் பொருட்களும் உள்ளன. அவை தோலை வெயிலுக்குக் கூர்மையாக்குபவை. வெண்புள்ளிக்கு அந்த விதையைப் பூசி வெயில் காட்டுவதே அதனால்தான். சடங்கு நாளில் நலங்கு மாவில் ஒரு சிட்டிகை கலந்து கழுவிவிடுவதில் பெரிய ஆபத்தில்லை. விழுதை ஊறவைத்துவிட்டு வெயிலில் போனால் கொப்புளம் நிச்சயம்.

வைட்டமின் சி சீரம், நியாசினமைடு வேண்டுமா?

கட்டாயமில்லை. வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நியாசினமைடு 4, 5 சதவீத அளவில் விலை மலிவு, எரிச்சல் குறைவு, நிறத்தைச் சீராக்கும், மங்குள்ளவர்கள் முயலலாம். வைட்டமின் சி நல்லதே என்றாலும் நம் வெப்பத்தில் குப்பியைத் திறந்த சில வாரங்களில் பழுப்பேறிக் கெட்டுவிடுகிறது. அந்தப் பணத்தில் சன்ஸ்கிரீனை இரு மடங்கு பூசலாம்.

மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் சிவப்பழகு கிரீம் ஒரே வாரத்தில் வேலை செய்ததே?

ஒரே வாரத்தில் வேலை செய்ததுதான் அதில் உள்ள சிக்கல். அந்த டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள பெயர்களைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளுவோசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் கூடவே நிறத்தை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுயினோனும், மேலே சொன்ன ட்ரெட்டினாயினும் இருக்கும். இந்த மூவர் கூட்டணியும் கிளிக்மன் 1975-ல் வெளியிட்ட கலவையின் வழிவந்ததே. மங்குக்கு, மருத்துவர் மேற்பார்வையில், சில வாரங்களுக்கு மட்டும் என்பது அதன் விதி. நம் ஊரில் அது பவுடர்போல ஆண்டுக்கணக்கில் பூசப்படுகிறது.

முதலில் முகம் பளபளக்கும். சில மாதங்களில் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரியும். பரு கொப்பளிக்கும், கன்னத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும், எரிச்சல் தாளாமல் மீண்டும் அதையே பூசுவார்கள். இளமையைத் தேடிப் போய்த் தோலுக்கு இருபது வயதைக் கூட்டிக்கொள்வது இதுதான். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை எச் அட்டவணையில் சேர்த்து, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றது. விற்பனை நின்றுவிட்டதா என்பதை உங்கள் தெருமுனைக் கடையில் நீங்களே அறியலாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிவருபவர்கள் திடீரென்று நிறுத்தாமல், தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக விடுபட வேண்டும்.

பெயர், முகவரி, சேர்மானம் எதுவும் இல்லாமல் டப்பாவில் வரும் கிரீம்கள் இன்னும் ஆபத்தானவை. அவற்றில் பாதரசம் இருக்கக்கூடும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023-ல் சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் அத்தகைய கிரீம்களைப் பூசிவந்தது தெரியவந்தது. பாதரசம் தோல் வழியாக உடலுக்குள் போகும்; பூசுபவர் தொட்ட தலையணை, துண்டு வழியாகக் குழந்தைக்கும் போகும்.

கொலாஜன் பொடி, அதிகத் தண்ணீர், பழங்கள் உதவுமா?

குடிக்கும் கொலாஜன் நேராகக் கன்னத்துக்குப் போவதில்லை. வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துப் பிரிந்துவிடுகிறது. தோலின் ஈரப்பதம் சற்றுக் கூடுவதாகச் சில ஆய்வுகள் சொன்னாலும் அவற்றில் பல, விற்பவர்களின் பணத்தில் நடந்தவை. பருப்பு, முட்டை, மீன் என்று போதுமான புரதம் சாப்பிடுவது மலிவான வழி. தாகத்துக்குமேல் குடிக்கும் தண்ணீர் சிறுநீரை அதிகமாக்குமே தவிரத் தோலை மினுக்காது.

தவிர்க்க வேண்டியவற்றில் பலன் தெளிவாக இருக்கிறது. புகைபிடிப்பது தோலின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் கொலாஜனை அழிக்கிறது. உதட்டைச் சுற்றி விழும் வரிகளே அதைச் சொல்லிவிடும். ரத்தத்தில் எப்போதும் சர்க்கரை மிகுந்திருந்தால் அது கொலாஜன் நார்களோடு ஒட்டி அவற்றை விறைக்கச் செய்கிறது.

மாதவிடாய் நின்றபின் தோல் சட்டென்று தளர்வது ஏன்?

ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் சுமார் 30 சதவீதம் வரை குறைவதாக மதிப்பிடப்படுகிறது; அதன்பின் இழப்பின் வேகம் தணிகிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுவதால் இந்த மாற்றமும் முன்னதாக வருகிறது. அதுவரை ஒத்துக்கொண்ட சோப்பும் பவுடரும் திடீரென்று அரிப்பைத் தந்தால் வியப்படைய வேண்டாம். மென்மையான கிளென்சருக்கும் கெட்டியான மாய்ஸ்சரைசருக்கும் மாற வேண்டிய நேரம் அது.

வயதான பெற்றோரின் தோலை எப்படிக் கவனிப்பது?

அழகைப் பற்றிய பேச்சில் இவர்களை யாரும் நினைப்பதில்லை. ஆனால் பராமரிப்பு அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். எழுபதுக்குமேல் எண்ணெய்ச் சுரப்பு மிகவும் குறைந்து, முழங்காலுக்குக் கீழே தோல் வறண்ட குளத்து மண்போல வெடிக்கிறது. இரவெல்லாம் அரிப்பு, சொறிந்த இடத்தில் புண். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கும் பழக்கத்தை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடத்தில் குளியலை முடித்து, அக்குள், தொடையிடுக்கு, பாதம் தவிர மற்ற இடங்களில் சோப்பை விட்டுவிட்டு, ஈரம் காய்வதற்குள் எண்ணெயோ கெட்டியான கிரீமோ தடவினாலே பெரும்பாலான அரிப்பு இரண்டு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம்.

முன்கையில் எங்கும் இடித்துக்கொள்ளாமலேயே கத்திரிப்பூ நிறத்தில் திட்டுகள் தோன்றுவதைப் பார்த்துப் பதறுவார்கள். தோல் மெலிந்து உள்ளே நாளங்கள் எளிதில் கசிவதால் வருபவை அவை. இரண்டு, மூன்று வாரத்தில் மறையும். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதிகம் வரும்; அதற்காக அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. தோல் கிழிந்தால் காப்பித்தூள் வைக்காதீர்கள், பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள். அதைப் பிரிக்கும்போது மீதித் தோலும் சேர்ந்து உரிந்துவரும். சுத்தமான நீரில் கழுவி, வாசலின் தடவி, ஒட்டாத துணியால் தளர்வாகச் சுற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எந்த மாற்றத்தை வயது என்று விட்டுவிடக் கூடாது?

நான்கு வாரத்துக்குமேல் ஆறாத புண், மூக்கிலோ கன்னத்திலோ பளபளப்பான விளிம்போடு வளரும் கறுப்புக் கட்டி, ஒரு மாதத்தில் உருவமோ நிறமோ மாறிய மச்சம் ஆகியவற்றை உடனே காட்ட வேண்டும். உணர்ச்சி குறைந்த வெளிறிய திட்டு தொழுநோயாக இருக்கலாம். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவச மருந்து கிடைக்கிறது.

நிறமி அதிகமுள்ளவர்களுக்கு மெலனோமா என்னும் கொடிய புற்றுநோய் அரிதாகவே வருகிறது என்றாலும், வந்தால் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது. ஜமைக்கப் பாடகர் பாப் மார்லி 1981-ல் தம் 36-வது வயதில் இறந்ததும் கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். அடிபட்ட காயம் என்றே முதலில் நினைத்திருந்தார்கள். உள்ளங்காலில் பரவும் கறுப்புத் திட்டையோ, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோட்டையோ செருப்புக் கடித்தது என்று விட்டுவிடாதீர்கள். குனிந்து தம் பாதத்தைப் பார்க்க முடியாத முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், வாரம் ஒருமுறை காலைத் தூக்கிவைத்து வீட்டிலுள்ள ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.